சிரிப்பாய்ப் போன ஒப்பாரி

அக்கா! பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "இன்னாடி, வயசுக்கு ஒரு மரியாத இல்லியா?" என்று உதைக்க வருவாய். அதனால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நான் கூப்பிடுவது உனக்குக் கேட்கிறதா தெரியவில்லை. கேட்காவிட்டால் போகட்டும், மற்றவர்களாவது கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் அக்கா சினிமாவில் காமெடி வேஷம் போட்டவள். பெரிய நடிகை இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்பீர்கள், பெயர் கேட்டால் தெரியாது. அப்புறம் கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்தாள். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். முகம் தெரியாது.

எங்களுக்கு மலைமேல் புதூர்நாடு பக்கம் ஒரு சின்ன ஊர். அவளுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. சாமை விளைகிற கொல்லையில் கிளி ஓட்டுவதற்கு அக்காவைத்தான் பரண்மேல் உட்கார வைப்பார்களாம். மற்ற பிள்ளைகள் தகரம் தட்டி ஓட்டுவார்கள். இவள் வாயாலேயே ஓட்டுவாள். மலை ஏற முடியாமல் முக்குகிற ஜீப் மாதிரி, சண்டை போடுகிற மாமியார் மருமகள் மாதிரி, ரேஷன் கடைக்காரர் மாதிரி. "கிளி போவுதோ இல்லியோ, பக்கத்துக் கொல்லைக்காரங்க வேலைய வுட்டுட்டு நின்னுடுவாங்க" என்று அம்மா சொல்வாள். அந்தக் காலத்தில் அம்மா அவளைப் பற்றிப் பேசினால் சிரித்துக்கொண்டேதான் பேசுவாள்.

அப்பா புளி உலுக்கப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து செத்தார். எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மா அழுதது எனக்கு ஞாபகம் இல்லை. கூட்டமும் வெயிலும் மட்டும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. அக்காவுக்குப் பத்தொன்பது வயது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா பாடி அழுத ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒப்பாரியை யாரும் சொல்லிக்கொடுப்பது இல்லை. செத்தவருக்கு ரொம்பவும் நெருங்கின பொம்பளை முதலில் எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். செத்தவர் எப்படி இருந்தார், என்ன சாப்பிட்டார், எதற்குச் சண்டை போட்டார் எல்லாம் அதில் வரும். எங்கள் அப்பாவுக்கு மறதி அதிகம். அம்மா அதையே வைத்து அழுதிருக்கிறாள்.

"குடைய மறந்தா பாதி வழியில திரும்பி வருவியே
என்னைய மறந்துட்டுப் போறியே, திரும்ப மாட்டியா?"

இந்த இரண்டு வரிதான் எங்கள் வீட்டைக் கெடுத்தது.

அப்பா போனபிறகு அக்கா கீழே ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஆயுத பூஜை அன்று கம்பெனியில் மேடை போட்டு ஆட்டம் பாட்டம் வைப்பார்கள். அவள் ஏறி சூப்பர்வைசர் மாதிரி பேசிக் காட்டியிருக்கிறாள். சூப்பர்வைசரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அங்கே வந்திருந்த ஒருவர் மெட்ராஸில் டிவி காமெடி நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்கிறவர். அப்படித்தான் போனாள்.

போன இடத்தில் என்ன வேஷம் கிடைத்தது? வேலைக்காரி. மாவுச் சட்டி தலையில் கவிழ்கிற வேலைக்காரி. பெண் பார்க்க வந்த ஹீரோவுக்கு ஆள் மாற்றிக் காட்டுகிற பெண். அவள் பல்லைக் காட்டினதும் ஹீரோ மயங்கி விழ வேண்டும், அவ்வளவுதான் சீன். அக்கா கொஞ்சம் குள்ளம், கறுப்பு, முன்பல் எடுப்பு. "உனக்கு டயலாக்கே வேணாம்மா, மூஞ்சியே போதும்" என்று ஒரு டைரக்டர் சொன்னாராம். போனில் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுபோய், "இன்னா கொழம்பு இன்னிக்கு?" என்று கேட்டாள்.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது அந்தப் படம் வந்தது. குடிகாரப் புருஷன் ஒருத்தன் தெருவில் தூங்கிக் கிடப்பான். செத்துவிட்டான் என்று நினைத்து அவன் பெண்டாட்டி அழ வேண்டும். அவன் நடுவில் எழுந்து உட்கார வேண்டும். பெண்டாட்டி என் அக்கா. எழுதிக் கொடுத்த வசனத்துக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லையாம். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல எப்டி அழுவாங்களோ அப்டி அழும்மா" என்று டைரக்டர் கத்தியிருக்கிறார். இவள் கண்ணை மூடினாள். அம்மாவுடைய ஒப்பாரி வாயில் வந்துவிட்டது.

"வேணும்னு பண்ணல பாப்பா. தானா வந்திச்சு. கண்ணத் தொறந்து பாத்தா கேமராமேன் தோளு குலுங்குது. பொணமா படுத்துனு இருந்தவரே சிரிச்சிட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு அதான் மொத கைதட்டு" என்று என்னிடம் சொன்னாள்.

செத்தவன் எழுந்து, "குடை எங்கடி?" என்று கேட்கிற மாதிரி சேர்த்துக்கொண்டார்கள். படத்தில் அந்த இடத்துக்குத்தான் அத்தனை சிரிப்பு.

டிவியில் போட்ட அன்றைக்கு எங்கள் ஊரில் டிஷ் வைத்திருந்த வீட்டில் எல்லோரும் கூடினோம். அம்மா தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். அக்கா வந்ததும் வீடு முழுக்க விசில். அக்கா அழ ஆரம்பித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை மறைக்க மாட்டேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா எழுந்து போய்க்கொண்டிருக்கிறாள்.

பின்னாலேயே ஓடினேன். "இன்னாமா? முடியிறதுக்குள்ள வந்துட்ட?"

"அது நான் உங்கப்பனுக்கு அழுதது."

அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வருவதற்குள் அக்காவின் போன் வந்துவிட்டது.

"யம்மா, பாத்தியா? எப்டி கீது?"

"நல்லா கீது. எம் புருசன் பொணத்த இட்டாந்து நடுத்தெருவுல போட்டு ஊரக் கூட்டிச் சிரிக்க வச்சிட்டியே. ரொம்ப நல்லா கீது."

"யம்மா, அது நடிப்பும்மா."

"நான் அழுதது நடிப்பாடி?"

போனை என் கையில் திணித்துவிட்டு அம்மா உள்ளே போனாள். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அக்காவோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா மூன்று தடவை மலைக்கு வந்தாள். மூன்று தடவையும் அம்மா கொல்லைக்குப் போய் அவள் கிளம்புகிறவரைக்கும் திரும்பவில்லை. அக்காவுக்கு அதற்குமேல் எந்த ஆசையும் இல்லை. பெரிய வேஷம் வேண்டும், போஸ்டரில் முகம் வர வேண்டும் என்பதெல்லாம் போய்விட்டது. அம்மா ஒரு தடவை பேச வேண்டும், அது மட்டும்தான்.

ஊர் விட்டால்தானே? அந்தச் சீனை வெட்டி எல்லோரும் போனில் வைத்துக்கொண்டார்கள். ஜீப்பில் யாராவது பையை மறந்தால் பையன்கள் அந்த இரண்டு வரியை இழுத்துப் பாடுவார்கள். சந்தைக்கு அம்மா குடையோடு போனால் போதும், பின்னாலேயே பாட்டு வரும். அம்மா குடை எடுப்பதையே விட்டுவிட்டாள், மழையில் நனைந்துகொண்டு போவாள். நான் விடுதியில் தங்கி எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் அதே பாட்டு. ஒருத்தியை அடித்தேன், அவள் என்னை அடித்தாள், பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பக்கத்து வீட்டு அத்தையின் புருஷன் செத்தபோது, அத்தை பாடி அழ வாயைத் திறந்ததும் பின்னால் நின்ற பையன்கள் குபுக்கென்று சிரித்துவிட்டார்கள். அத்தை பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு எங்கள் வாசலில் வந்து நின்று, "உம் பொண்ணால எங்க வூட்டு சாவுக்கும் சிரிச்சிட்டானுங்க. உன் வவுறு குளுந்துச்சா?" என்று கேட்டாள். அத்தை போனதும் அம்மா, "இனி எவ செத்தாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன். அவளே செத்தாலும்" என்றாள். சொன்னதை நான்தான் கேட்டேன். அக்காவிடம் நான் சொல்லவில்லை.

அக்காவுக்கு அதற்குப்பிறகு வந்த படமெல்லாம் அந்த அழுகையைத்தான் கேட்டது. "அதே மாதிரி ஒண்ணு போட்டுடும்மா, நாய் செத்த மாதிரி வச்சிக்கலாம்" என்று ஒருவர் கேட்டார். மாட்டேன் என்றாள். மாட்டேன் என்று சொல்கிற காமெடி நடிகையை எத்தனை நாள் கூப்பிடுவார்கள்? மூன்று படத்தில் மாட்டேன் என்றாள், நான்காவது படம் வரவில்லை.

அப்போதுதான் கார்ட்டூன் வேலை வந்தது. வெளிநாட்டுக் கார்ட்டூனுக்குத் தமிழில் குரல் போடுவது. எனக்குப் பதினாறு வயது. சமைக்கவும் துணைக்கும் என்று என்னை மெட்ராஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பேன். அவள் உள்ளே மைக் முன்னால் நின்று, திரையில் கார்ட்டூன் பொம்மை வாய் திறக்கும்போது தானும் திறப்பாள். ஓடுகிற மூச்சு, விழுகிற சத்தம், தும்மல், எல்லாம் வாயாலேயே வர வேண்டும். பொம்மை எதையாவது தின்றால் அக்கா தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு பேசுவாள், வாயில் தீனி இருக்கிற மாதிரி இருக்கும். வேலை முடிந்து வரும்போது கையில் பல் தடம் இருக்கும்.

அவளுக்குக் கிடைத்தது ஒரு முள்ளம்பன்றிக் குட்டி. முதல் நாளே சண்டை. அங்கே டப்பிங்கைப் பார்த்துக்கொள்கிற பெரியவர், "இன்னான்னு சொல்லாதம்மா, என்னன்னு சொல்லு" என்றார்.

"சார், சினிமாவுல இன்னா இன்னான்னு பேசச் சொல்லித்தான் சார் என்னயக் கூப்டாங்க."

"அது காமெடிம்மா. இது கொழந்தைங்க கேக்கிறது."

"எங்க ஊர்லயும் கொழந்தைங்க கீது சார். முள்ளம்பன்னியும் கீது. மரவள்ளிக் கெழங்க நோண்டித் தின்னுட்டு இன்னான்னுதான் கேக்கும்."

மற்றவர்கள் சிரித்தார்கள், பெரியவர் சிரிக்கவில்லை. அக்கா 'என்ன' என்றே சொன்னாள். சிரிப்பு மூட்டும்போது வேண்டியிருந்த எங்கள் பேச்சு, குழந்தைக்குச் சொல்லும்போது வேண்டாமாம்.

ஆனால் ஒன்றை விடவில்லை. நான் சின்னதில் 'ர' வராமல் 'ல' என்பேன், எதைச் சொன்னாலும் கடைசியில் "ஆங்?" என்று இழுப்பேன். முள்ளம்பன்றிக் குட்டிக்கு அந்தப் பேச்சைக் கொடுத்தாள். "நான் வல மாட்டேன், ஆங்?" என்று அது சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெளியே வந்து, "உன்னுதுதான். கோவமா?" என்று கேட்டாள். கோபமே இல்லை, பெருமையாக இருந்தது.

அது நன்றாக ஓடியது. தெருவில் பிள்ளைகள் "ஆங்?" என்று பேச ஆரம்பித்தார்கள். அக்கா ஒரு திட்டம் போட்டாள். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தக் கார்ட்டூனைப் பார்க்கிறாள் என்று ஊரிலிருந்து ஒருத்தி சொல்லியிருந்தாள்.

"நீ ஊருக்குப் போனா சொல்லிடாத பாப்பா. சிரிக்கட்டும். கொஞ்ச நாளு நல்லா சிரிக்கட்டும். அப்றம் ஒரு நாளு நானே வந்து வாசல்ல நின்னு அந்தக் கொரல்ல, வூட்டுக்குள்ள வலட்டுமா, ஆங்? அப்டீன்னு கேக்கறேன். அப்ப இன்னா பண்றான்னு பாக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? அந்த முகத்தை எந்த டைரக்டரும் பார்த்ததில்லை.

நான் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மா பக்கத்து வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளம்பன்றி தும்மினதும் முள்ளெல்லாம் பறந்து சுவரில் குத்தியது. அம்மா சிரித்தாள். எத்தனை வருஷம் கழித்துச் சிரிக்கிறாள்!

"ஏ இங்க பாரு, இது நீ சின்னதுல பேசுனா மாதிரியே பேசுதுடி!"

எனக்கு வாய் நிற்கவில்லை. "அது அக்காதாம்மா. அக்காதான் பேசுது. என்னய மாதிரிதான் பேசுது."

அம்மா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். "உன்னையுமா வித்துட்டா?" என்று கேட்டாள். புடவையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். அப்புறம் அந்த வீட்டில் டிவி ஓடினால் அந்தப் பக்கமே போகவில்லை.

நான்தான் கெடுத்தேன். இன்னும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். போனில் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருக்கும். நான் அழுது முடிக்கிறவரைக்கும் விட்டாள். அப்புறம், "சரி வுடு பாப்பா. சாப்ட்டியா?" என்றாள். வாசலில் வந்து நிற்பதைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசவேயில்லை.

போன வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சளாகிவிட்டது, அதோடு மைக் முன்னால் நின்றாள். லீவு போட்டால் அந்தக் குட்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று பயம். கடைசியில் ஒரு நாள் தும்மல் போடும்போது கீழே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரொம்ப முற்றிவிட்டது என்றார்கள். நான் அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "யம்மா, அக்காவுக்கு ஒடம்பு ரொம்ப முடியல. ஒரு வார்த்த பேசும்மா" என்றேன்.

அம்மா, "நல்லாவட்டும். அப்றம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்காவுக்குச் சந்தோஷம். "நல்லாவட்டும்னு சொல்றா பாத்தியாடி!" என்று அந்த மஞ்சள் கண்ணை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

ஆம்புலன்ஸ் எங்கள் ஊர்வரை வராது. ஜீப்பில் மாற்றிக் கொண்டுவந்தோம். சினிமாவிலிருந்து யாரும் வரவில்லை. டப்பிங் தியேட்டரில் மிஷின் பார்க்கிற அண்ணன் ஒருவர் மட்டும் பஸ் மாறி மாறி வந்து மாலை போட்டார். ஊரே வந்தது. சினிமாக்காரி சாவு இல்லையா? பொம்பளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா எடுத்துக் கொடுத்தால்தான் அவர்கள் சேர முடியும். அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வாசலில் வந்து கேட்ட அந்த அத்தையே நகர்ந்து வந்தாள். "அழுதுடு அண்ணி. எதையும் மனசுல வச்சிக்காத. நானும் வச்சிக்கல. அழு" என்றாள். அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பின்னால் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருத்தன் மெதுவாக, "குடைய மறந்தா..." என்றான். பக்கத்தில் இருந்தவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். நான் மண்ணை வாரி அவன் மூஞ்சியில் அடித்தேன். என்னைப் பிடித்து இழுத்தார்கள். அக்காவை ஒரு ஒப்பாரி இல்லாமல் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

கார்ட்டூன் இன்னும் ஓடுகிறது. வேறு யாரோ ஒரு பெண் பேசுகிறாள். "ஆங்?" என்பதை மட்டும் விடவில்லை, அது நன்றாக ஓடுகிறதாம். ஒரு பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

போன வாரம் அம்மாவிடம் கேட்டே விட்டேன். "பெத்தவதானே நீ? ஒரு சத்தம் வரல உனக்கு. அவ்ளோ கோவமா? செத்தப்பறமும் கோவமா?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கோவம் அப்பவே போச்சு. வாய் வரைக்கும் வந்துச்சுடி எனக்கு. தொறந்தா அந்த நாய்ங்க சிரிப்பானுங்க. எம் புருசன் சாவுக்குச் சிரிச்சாங்க. எம் பொண்ணு சாவுக்கும் சிரிக்க வுடுவனா?"

அப்பவே போச்சாம். எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவளை ஏதாவது செய்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. இதை ஒரு போன் போட்டு அக்காவிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா? இரண்டு வார்த்தை. எட்டு வருஷம் அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாளே. அம்மாவையும் மன்னிக்க முடியவில்லை, என்னையும் மன்னிக்க முடியவில்லை. நானும் அன்றைக்குச் சிரித்தவள்தானே.

அவளுக்காக யாரும் வாய் விட்டு அழவில்லை. இனிமேல் அழுது ஆகப்போவதும் இல்லை. அதனால் இதைப் படிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, கோயிலோ சர்ச்சோ மசூதியோ, இன்றைக்கு உங்கள் வீட்டுக்காரர்களுக்காக வேண்டிக்கொள்ளும்போது என் அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நிம்மதி கிடைக்கட்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.